மழை மட்டுமா காரணம்? 1889 ஜான்ஸ்டவுன் அணை உடைப்பு



போன தவணையில் என் உயர்நிலை நான்கு வகுப்புக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். 1889-இல் அமெரிக்காவில் ஓர் அணை உடைந்ததைப் பற்றி ஒரு பத்தி. கீழே ஒரே கேள்வி: ‘இப்பேரிடருக்கான காரணங்களை விளக்குக.’ பெரும்பாலானவர்கள் எழுதிய முதல் வரி ஒன்றுபோலவே இருந்தது: ‘கனமழை பெய்ததால் அணை உடைந்தது.’ அதற்கு மேல் பலருக்கு எழுத ஒன்றுமில்லை. ஒரு மாணவர் எழுந்து கேட்டேவிட்டார்: “டீச்சர், மழை பெஞ்சுச்சு, தண்ணி ஏறுச்சு, அணை ஒடஞ்சிருச்சு. இதுல விளக்க என்ன இருக்கு?”

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கொடுத்த பத்தியும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் அந்தக் கதையை இங்கே முழுதாக எழுதுகிறேன். காரணம், விளைவு என்று பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. தேர்வு எழுதப்போகும் மாணவர்களே, நீங்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். மழையை வரவழைத்தவர் யாருமில்லை. ஆனால் மழைநீர் வெளியேறும் வழிகளை அடைத்தவர்கள் இருந்தார்கள்.

முதலில் மண் அணை என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். நம்மில் பலர் வார இறுதியில் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக்கு நடக்கப் போகிறோம். கயாக் விடுகிறார்கள், ஓடுகிறார்கள், குரங்குகளைப் பார்த்துக் குழந்தைகள் கத்துகிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தியிருப்பது எது என்று யாரும் கேட்பதில்லை. அதுவும் அடிப்படையில் ஒரு மண் கரைதான், 1868-இல் கட்டி முடிக்கப்பட்டது. மண்ணைக் கொட்டி, அடுக்கடுக்காக இறுக்கி, தண்ணீர் படும் பக்கம் கல் பாவினால் மண் அணை தயார். நன்றாகக் கட்டிப் பராமரித்தால் நூறு இருநூறு ஆண்டுகள்கூட நிற்கும்.

ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. கற்சுவர் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் அது தாங்கும். மண் அணையின் மேல் வழிந்தால் தாங்காது. வழியும் நீர் பின்புறச் சரிவை அரிக்கும், அரித்த இடத்தில் இன்னும் வேகமாகப் பாயும், பாயப் பாய இன்னும் ஆழமாக அரிக்கும். அதனால் மண் அணைக்கு எப்போதும் இரண்டு வழிகள் வேண்டும். தமிழில் இரண்டுக்குமே பழைய பெயர்கள் இருக்கின்றன. ஏரி நிறைந்ததும் மிச்ச நீர் தானாக வெளியேறும் இடம் கலிங்கு. வேண்டும்போது திறந்து அடியிலிருந்து நீரை விடும் வாய் மதகு. ஏரிப் பாசனத்தை நம்பிய தமிழக ஊர்களில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொற்கள் இவை. இங்கே நம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, சொல்லிக்கொடுங்கள். இந்த இரண்டு சொற்கள் தெரிந்தால் ஜான்ஸ்டவுன் கதை பாதி புரிந்த மாதிரி.

இனிக் கதைக்கு வருவோம்.

பென்சில்வேனியா மாநிலம் தன் கால்வாய்ப் போக்குவரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று மலைமேல் ஓர் அணை கட்டியது. சவுத் ஃபோர்க் என்ற ஓடையின் குறுக்கே, ஜான்ஸ்டவுன் நகருக்குச் சுமார் 14 மைல் மேலே. வேலை இடையில் பல ஆண்டுகள் நின்று, ஒருவழியாக 1853-இல் முடிந்தது. உயரம் 72 அடி, நீளம் 900 அடிக்கும் மேல். அந்தக் காலத்துக்கு நல்ல வேலைதான். ஒரு பக்கம் பாறையை வெட்டிக் கலிங்கு அமைத்தார்கள். கரையின் அடியில் கல் சுரங்கம் கட்டி, அதற்குள் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்களைப் பதித்தார்கள். அதுதான் மதகு. ஆக, இரண்டு வழியும் இருந்தது.

ஆனால் அணை முடிந்த நேரம், அதன் தேவையும் முடிந்துவிட்டது. ரயில் வந்துவிட்டது, கால்வாய்க்கு வேலையில்லை. 1857-இல் ரயில் நிறுவனம் கால்வாயோடு சேர்த்து அணையையும் வாங்கியது. வாங்கியவர்களுக்கு அணை தேவைப்படவில்லை. யாரும் கவனிக்காமல் கிடந்தது. 1862-இல் அடிச்சுரங்கத்தின் பக்கம் ஓர் உடைப்பு ஏற்பட்டது. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்ததால் பெரிய சேதமில்லை. அந்த நிலையிலேயே பத்துப் பதினேழு ஆண்டுகள் கிடந்தது. 1875-இல் ஒரு அரசியல்வாதி அதை 2,500 டாலருக்கு வாங்கினார். அவர் காலத்தில்தான் அந்த ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்களையும் கழற்றிப் பழைய இரும்பாக விற்றார்கள். மதகு போயிற்று.

1879-இல் பெஞ்சமின் ரஃப் என்பவர் கைக்கு அணை வந்தது, 2,000 டாலருக்கு. அவர் பொறியாளர் அல்லர். நிலம் வாங்கி விற்கும் தரகு, ரயில்பாதைக் குத்தகை போன்ற தொழில்கள் பார்த்தவர். அவருக்கு ஒரு யோசனை. பிட்ஸ்பர்க் நகரின் கரிப்புகையில் மூச்சுத் திணறும் பணக்காரர்களுக்கு மலைமேல் ஓர் ஏரி, படகு, மீன்பிடித்தல், கோடை மாளிகை. சவுத் ஃபோர்க் மீன்பிடி வேட்டைச் சங்கம் இப்படித்தான் பிறந்தது. உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: எஃகு மன்னர் ஆண்ட்ரூ கார்னெகி, நிலக்கரி முதலாளி ஹென்றி ஃபிரிக், வங்கியாளர் ஆண்ட்ரூ மெல்லன். பணத்துக்குப் பஞ்சமே இல்லாத சங்கம் என்பதைக் கவனியுங்கள்.

உடைந்த இடத்தைப் பாறை, மண், வைக்கோல், மரக்கிளை, குதிரைச் சாணம் என்று கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்தார்கள். பொறியாளர் யாரும் மேற்பார்வை பார்க்கவில்லை. விற்கப்பட்ட குழாய்களுக்குப் பதில் புதிய குழாய்கள் போடவும் இல்லை.

பிறகு சங்கத்தாரின் வசதிக்காகச் சில மாற்றங்கள். கரையின் மேல் குதிரை வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! அதற்காகக் கரையின் உச்சியைச் சுமார் மூன்றடி வெட்டி இறக்கி அகலப்படுத்தினார்கள். ஏரியில் வெளியூரிலிருந்து கொண்டுவந்த விலையுயர்ந்த பாஸ் மீன்களை விட்டிருந்தார்கள். அவை கலிங்கு வழியே தப்பிவிடக் கூடாதென்று இரும்புக் கம்பித் தடுப்பு வைத்தார்கள். கலிங்குக்குக் குறுக்கே ஒரு மரப்பாலம், அதற்குத் தாங்கு கால்கள். கரையின் நடுப்பகுதி வேறு மெல்லத் தாழ்ந்துபோயிருந்தது. அதை யாரும் மேடாக்கவில்லை.

இப்போது ஒவ்வொன்றாக யோசித்துப் பாருங்கள். வண்டி போக வழி கேட்பது குற்றமா? மீனைக் காப்பாற்ற நினைப்பது தப்பா? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான ஆசைகள்தாம். நம் குடியிருப்புப் பேட்டைக் கூட்டத்தில் யாராவது இப்படிக் கேட்டால் நாமும் கைதூக்கியிருப்போம். ஆனால் அணையின் பக்கமிருந்து பாருங்கள். உச்சியை இறக்கியதால் கலிங்குக்கும் கரைக்கும் இடையே இருந்த உயரம் குறைந்தது. மேற்குக் கோடியில் அவசரத்துக்கென்று இருந்த இரண்டாவது வழியும் இதனால் பயனற்றுப்போனது. தடுப்புக் கம்பி குப்பையைப் பிடித்துவைக்கும். நடுவில் தாழ்ந்திருந்ததால், நீர் வழிந்தால் முதலில் வழியப்போவது கரையின் மிக உயரமான இடத்தில். மதகோ ஏற்கெனவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்த முக்கிய விஷயமே இதுதான். ஓர் ஏரியின் பயன் மாறும்போது, அதன் தண்ணீர் மட்டத்தைக் கவனிக்கும் விதமும் மாறிவிடுகிறது. பாசன ஏரியில் தண்ணீர் ஏறும், இறங்கும். வயலுக்கு நீர் திறக்க ஓர் ஆள் இருப்பார். அவர் தினமும் மதகைப் பார்ப்பார், கரையில் நடப்பார், கசிவு தெரிந்தால் ஊரில் சொல்வார். கால்வாய்க்கான ஏரியும் அப்படியே. ஆனால் உல்லாச ஏரியை வைத்திருப்பவருக்குத் தண்ணீர் எப்போதும் விளிம்புவரை இருக்க வேண்டும். சேறு தெரியும் கரையைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? நீரைத் திறந்துவிடும் தேவையே அங்கு இல்லை. அதனால் திறக்க முடியாமல்போனதும் கண்ணில் படாது. பெருமழை வரும்போது ஏரி ஏற்கெனவே நிறைந்திருக்கும்.

இதையெல்லாம் அப்போது யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கவனித்தார்கள்! ஜான்ஸ்டவுனின் பெரிய நிறுவனமான கேம்ப்ரியா இரும்பு ஆலையின் தலைவர் டேனியல் மோரல், 1880-இலேயே தம் பொறியாளர் ஜான் ஃபுல்டனை மேலே அனுப்பினார். ஃபுல்டன் இரண்டு குறைகளை எழுதிவைத்தார்: நீரை இறக்கிப் பழுதுபார்க்கக் குழாய் இல்லை, பழுதுபார்த்த இடத்தில் கசிவு இருக்கிறது. ரஃப் அதை ஏற்கவில்லை. உங்களுக்கு எங்களால் ஆபத்தே இல்லை என்ற பொருளில் பதில் எழுதினார். மோரல் விடவில்லை, சரிசெய்யும் செலவில் நாங்களும் பங்கு தருகிறோம் என்றார். அதையும் சங்கம் மறுத்தது. மோரல் 1885-இல் காலமானார், ரஃப் 1887-இல். கடிதங்கள் கோப்பில் தங்கிவிட்டன.

கீழே ஊர் மக்களும் பழகிவிட்டார்கள். ஒவ்வொரு வசந்த காலத்திலும் அணை உடையப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பும், உடையாது. அடுத்த ஆண்டு அதைச் சொல்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். ‘புலி வருது’ கதைதான்.

1889 மே 30 இரவு கொட்டத் தொடங்கிய மழை அந்தப் பகுதி அதுவரை கண்டிராதது. மறுநாள் காலை சங்கத் தலைவர் இலையாஸ் அங்கர் எழுந்து பார்த்தபோது ஏரி கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. வேலையாட்களைத் திரட்டினார். சிலர் கரையின் உச்சியில் மண் போட்டு உயர்த்தப் பார்த்தார்கள். சிலர் மேற்குக் கோடியில் புதிய வாய்க்கால் வெட்டப் பார்த்தார்கள். கெட்டிப் பாறை, ஆழமாகத் தோண்ட முடியவில்லை. கலிங்கின் கம்பித் தடுப்பை எடுத்துவிடலாமா என்ற பேச்சும் வந்தது. மீன் போய்விடுமே என்ற தயக்கம்! பிறகு எடுக்க முயன்றபோது மரக்கட்டைகளும் குப்பையும் அடைத்து அசைக்க முடியாதபடி இறுகிவிட்டது. வகுப்பில் இந்த இடத்தை வாசித்தபோது மாணவர்கள் சிரித்தார்கள், பிறகு சட்டென்று அமைதியாகிவிட்டார்கள்.

சங்கத்தில் வேலைபார்த்த இளம் பொறியாளர் ஜான் பார்க் குதிரையேறி சவுத் ஃபோர்க் ஊருக்கு விரைந்து, தந்தி மூலம் எச்சரிக்கச் சொன்னார். அன்று தந்திக் கம்பிகள் பல இடங்களில் அறுந்திருந்தன. இருந்தும் சில எச்சரிக்கைகள் ஜான்ஸ்டவுன் வரை போயின. நம்பியவர்கள்தாம் குறைவு. ஊரில் ஏற்கெனவே தெருக்களில் வெள்ளம். மக்கள் மாடிகளில் ஏறி இருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிவாக்கில் கரையின் நடுவே வழிந்த நீர் பின்சரிவை அரித்துத் தின்று, அணை போய்விட்டது. வெடித்துச் சிதறவில்லை, அப்படியே நகர்ந்துபோனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏறக்குறைய 2 கோடி டன் தண்ணீர். பள்ளத்தாக்கில் இருந்த சிற்றூர்கள், ரயில் எஞ்சின்கள், மரங்கள், ஒரு கம்பித் தொழிற்சாலையின் முள்கம்பி எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு 4.07 மணிக்கு ஜான்ஸ்டவுனில் புகுந்தது. ஊரின் கீழ்க்கோடியில் இருந்த ரயில் கல்பாலம் உடையவில்லை. சிதைவுகள் எல்லாம் அதில் தேங்கி மலைபோல் குவிந்து, அன்று மாலை தீப்பிடித்தன. வெள்ளத்தில் தப்பி அந்தக் குவியலில் சிக்கியிருந்தவர்களில் பலர் நெருப்பில் இறந்தார்கள்.

மொத்தம் 2,209 பேர் மாண்டார்கள். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அடையாளம் காண முடியாத 750-க்கும் மேற்பட்டவர்களை கிராண்ட்வியூ கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாத வெள்ளைக் கற்களின் கீழ் அடக்கம் செய்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளாரா பார்ட்டன், தம் 67-ஆம் வயதில், ஐந்து மாதங்கள் அங்கேயே தங்கி நிவாரணப் பணி பார்த்தார். அந்தச் சங்கத்தின் முதல் பெரிய பேரிடர்ப் பணிகளில் இது ஒன்று.

சரி, யார் பொறுப்பேற்றார்கள்? யாருமில்லை.

வழக்குகள் போட்டார்கள். சங்கத்துக்கென்று சொத்து பெரிதாக இல்லை. உறுப்பினர்களின் செல்வம் தனி. யார் அலட்சியம் செய்தார் என்று தனிமனிதரைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. கரையைச் சீர்செய்த ரஃப்போ உயிரோடு இல்லை. சங்கத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் நிறுவனத்தின் கூட்டாளியான ஃபிலாண்டர் நாக்ஸ், சங்கத்தின் உறுப்பினரும்கூட. பின்னாளில் நாட்டின் வெளியுறவு அமைச்சராகவே ஆனார். இந்த வெள்ளம் கடவுளின் செயல் என்ற வாதமே நின்றது. கார்னெகி ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். இன்று அந்தக் கட்டடத்தில்தான் வெள்ள அருங்காட்சியகம் இருக்கிறது.

அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கமும் ஒரு குழு அமைத்து விசாரித்தது. அறிக்கை முடிந்தும் அதை உடனே வெளியிடவில்லை. 1891 வரை மூடிவைத்தார்கள். பழைய வடிவத்தில் இருந்திருந்தாலும் அணை வழிந்து உடைந்துதான் இருக்கும் என்பது அதன் முடிவு. கிட்டத்தட்ட என் மாணவர்கள் எழுதிய அதே விடை! நூறாண்டுக்கு மேல் பலரும் அதையே நம்பினார்கள். 2016-இல் மூன்று ஆய்வாளர்கள் ஏரியின் அளவையும் அன்றைய நீர்வரத்தையும் மறுபடி கணக்கிட்டு வேறு முடிவுக்கு வந்தார்கள். சங்கம் செய்த மாற்றங்களால் நீர் வெளியேறும் திறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. முதலில் கட்டியபடியே இருந்திருந்தால் அணை அன்றைய மழையைத் தாங்கியிருக்கும். தேர்வு மாணவர்களே, ஒரு ‘அதிகாரபூர்வ அறிக்கை’யையும் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாக எழுதலாம்.

சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளியின் நீர்த்தேக்கம், பக்கத்தில் ஃபிளெச்சர் என்பவரின் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில் 1868-இல் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. ஆபத்தான ஒன்றைத் தன் நிலத்தில் சேர்த்துவைப்பவர், அது தப்பிப்போய்ச் சேதம் செய்தால், அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பாளி. அமெரிக்க நீதிமன்றங்கள் பல அதுவரை அதை ஏற்கத் தயங்கின. ஜான்ஸ்டவுனுக்குப் பின் வந்த ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கத் தொடங்கின. ஜான்ஸ்டவுன்காரர்களுக்கு அது உதவவில்லை.

இது பழைய கதை, இப்போதெல்லாம் அப்படி நடக்காது என்று வகுப்பில் ஒரு மாணவி சொன்னார். அவருக்காக இன்னொரு தேதி: 1977 நவம்பர் 6. ஜார்ஜியா மாநிலம், டொக்கோவா அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற சின்ன மண் அணை. சுமார் 40 ஏக்கர் ஏரி. ஒரு கல்லூரிக்கு மின்சாரம் எடுக்கப் பயன்பட்டது. 1957-இல் அந்த வேலை நின்றதும் மீன்பிடிக்கவும் பொழுதுபோக்கவும் விட்டுவிட்டார்கள். கரையில் மரங்கள் வளர்ந்தன. பின்சரிவு செங்குத்தாக இருந்தது. கட்டுமான வரைபடம் என்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மழைக்குப் பின், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் அணை உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்குமேல் குழந்தைகள். அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் அதே மாநிலத்துக்காரர். தனியார் கையில் இருந்த ஆபத்தான அணைகளைச் சோதிக்கும் பணி அதன் பிறகுதான் முடுக்கிவிடப்பட்டது. அதற்கான சட்டம் 1972-இலேயே இயற்றப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏரியில் படகு விடுவது தவறென்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஏரிக்கரையில் நடக்கும் ஆட்களில் நானும் ஒருத்தி. மக்கள் நடமாடும் கரையில் கசிவு, விரிசல், புதிதாக விழுந்த பள்ளம் எல்லாம் சீக்கிரம் கண்ணில் படும். அது நல்லதே. தெளிந்த நீர் கொஞ்சம் கசிவது மண் அணையில் இயல்பு. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். இவ்வளவு தெரிந்தாலே, நடக்கப் போகிறவர் பார்த்ததை உரியவரிடம் சொல்லலாம். கேட்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சவுத் ஃபோர்க்கில் சொன்னவர் இருந்தார், கேட்டவர் இல்லை.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்த நினைத்தால் எனக்குப் பலனளித்த முறையைச் சொல்கிறேன். 1853, 1857, 1862, 1875, 1879, 1880, 1889 ஆகிய ஆண்டுகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதிக் குழுக்களிடம் கொடுத்தேன். ‘இந்த ஆண்டில் யார் என்ன செய்திருந்தால் ஜான்ஸ்டவுன் தப்பியிருக்கும்?’ என்பது மட்டுமே கேள்வி. 1875-ஆம் ஆண்டு அட்டையைப் பிடித்த குழு குழாய்களை விற்றவரைப் பிடித்துக்கொண்டது. 1879-ஆம் ஆண்டுக் குழு, “அவர் வித்தா என்ன, வாங்குனவங்க புதுசா போட்டிருக்கலாமே” என்று எதிர்த்தது. மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை.

முதலில் கேட்ட அந்த மாணவர் மறுவாரம் தம் விடையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். முதல் வரி இப்படி இருந்தது: ‘மழை பெய்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அணை உடையத் தொடங்கிவிட்டது.’ ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, “1862-ல இருந்து கணக்குப் போடணுமா டீச்சர்?” என்று கேட்டிருந்தார்.